உறுதி எங்கே?

மாறாக நிரூபிக்கப்படும்வரை காடும் தரிசும் முடிக்குரியவை என்றது 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். ஊவாவின் சிங்களக் கமக்காரன் தன் சேனைக்கு எந்த உறுதியைக் காட்டுவான்? ஏக்கர் 5 ஷில்லிங்குக்குக் காணி விலைபோயிற்று. 1844இல் அது 20 ஷில்லிங்காயிற்று. வாங்கியோரில் அரசாங்க உத்தியோகத்தரும் இருந்தனர்!

அளவைப் படமும் உறுதியும் துரைமாருக்கு. காட்டை வெட்டிக் கோப்பியும் தேயிலையும் நட்ட தமிழனுக்கோ லயத்து அறை. 1972, 1975ஆம் ஆண்டுச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாகியும் அவ்வறை அவனுக்கு உரித்தாகவில்லை. 2014 அக்டோபர் 29இல் பதுளை மாவட்டத்து மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களையே மூடிற்று. பின்னர் 7 பேர்ச்சஸ் என்றார்கள், 10 என்றார்கள். அளந்து, எல்லையிட்டு, பதியப்படாத காணி சட்டத்தின்முன் வெறும் வாய்ச்சொல். ஓர் ஏக்கருக்கு 160 பேர்ச்சஸ். 16 குடும்பங்கள் வாழலாம். அன்று காட்டுக்குள் அனுப்பிய நில அளவையாளரை அரசு இன்று லயத்தடிக்கு அனுப்பட்டும்.