அறைக்குள் வந்த மோடமும் வீட்டாரின் உரிமையும்





திருத்தணி வட்டாரத்தில், ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கிறது அம்மையார்குப்பம். தறிச் சத்தத்தில் விடிந்து தறிச் சத்தத்தில் அடங்கும் நெசவாளர் ஊர். இந்த ஊரானாலும் தமிழகத்தின் வேறெந்த ஊரானாலும், வீட்டின் ஆண்மகன் ரியாத்திலோ துபாயிலோ தோஹாவிலோ உழைத்துக்கொண்டிருக்கும் குடும்பங்களில் இரவு நேரக் காட்சி ஒன்றுதான். உறக்கம் சொக்கும் பிள்ளைகளை உட்கார வைத்துக்கொண்டு தாய் கைபேசியைப் பார்த்திருப்பாள். அழைப்பு வரும். அத்தாவின் முகம் தெரியும். இரண்டு சொல் பேசுவதற்குள் அந்த முகம் உறைந்து நிற்கும். "கேட்கிறதா? கேட்கிறதா?" என்பதிலேயே பாதி நேரம் கழிந்துவிடும்.

இந்தத் தொல்லையை நீக்குவதற்காகவே, அயலகத்தில் இருக்கும் நம் சகோதரர்கள் பலரும் இப்போது தங்கள் அறையில் சிம் மோடம் வாங்கி வைக்கிறார்கள். கம்பி இணைப்பு இல்லாத வாடகை அறைகளுக்கு இது எளிய வழி. சிம் அட்டையைச் செருகி மின்சாரம் கொடுத்தால், 4ஜி அல்லது 5ஜி அலைவரிசையைப் பெற்று அறை முழுவதற்கும் வைஃபையாகப் பகிர்ந்து தரும். "இது தேவையா, வீண் செலவா, பிள்ளைகளைக் கெடுக்கும் ஃபித்னாவா?" என்ற கேள்வி நம்மிடையே அடிக்கடி எழுகிறது. இதைப் பற்றி நாம் கருதுவதை இங்கே எழுதுகிறோம்.

வாங்குங்கள் என்றே நாம் சொல்வோம். கடிதமும் ஒலிநாடாவும் அனுப்பிய தலைமுறை ஒன்று நம்மிடையே இருந்தது. வளைகுடாவிலிருந்து வந்த கேசட்டைச் சுற்றி உட்கார்ந்து, கணவனின் குரலைக் கேட்டு அழுத பெண்கள் இன்று பாட்டிகளாக இருக்கிறார்கள். பிறகு நிமிடத்துக்குக் கட்டணம் கணக்கிட்டு, எஸ்.டி.டி. கூண்டுகளிலும் அழைப்பு அட்டைகளிலும் பேசிய காலம் வந்தது. அவர்களோடு ஒப்பிட்டால் நமக்குக் கிடைத்திருப்பது பெரும் நிஃமத். படைவீரர்கள் மனைவியரைப் பிரிந்திருக்கும் காலத்துக்குக் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஓர் எல்லை வகுத்ததாக அறிவிப்புகள் கூறுகின்றன. பிரிவு ஒரு பெண்ணின் மனத்தில் என்ன செய்யும் என்பதை அந்த ஆட்சியாளர் உணர்ந்திருந்தார்கள். ஈராண்டுக்கு ஒருமுறை விடுப்பில் வருவோர் நிறைந்த நம் சமுதாயத்தில், ஒழுங்காகக் கேட்கும் ஒரு குரலை ஆடம்பரம் என்று ஒதுக்க நமக்கு மனம் வரவில்லை.

ஆனால் வாங்கினால் மட்டும் வேகம் வந்துவிடாது. மோடத்தைக் கட்டிலுக்கடியில் வைத்துவிட்டு நிறுவனத்தைக் குறை கூறுவோரை நாம் கண்டிருக்கிறோம். சில அடிப்படைகளை அறிந்துகொண்டால் பணம் வீணாகாது.

முதலாவது, இடம். கோபுரத்திலிருந்து வரும் அலை கான்கிரீட் சுவரில் மிகவும் வலுவிழக்கும். அதிர்வெண் கூடக்கூட இந்த இழப்பும் கூடும். ஆகவே, 3500 மெகாஹெர்ட்ஸ் அளவில் இயங்கும் 5ஜி அலைக்கு, 800 மெகாஹெர்ட்ஸ் 4ஜி அலையை விடச் சுவர் பெரிய பகை. மோடத்தை ஜன்னலோரம், இயன்றவரை உயரத்தில் வையுங்கள். வெப்பத்தைத் தடுப்பதற்காக உலோகப் பூச்சு பூசிய கண்ணாடிகள் வளைகுடாக் கட்டடங்களில் உண்டு. அவையும் அலையைத் தடுக்கும். அப்படியானால் வேறு ஜன்னலில் வைத்துப் பாருங்கள்.

இரண்டாவது, அளவு. விளக்குக் கோடுகளை மட்டும் நம்பவேண்டாம். மோடத்தின் அமைப்புப் பக்கத்தில் ஆர்.எஸ்.ஆர்.பி. என்றும் எஸ்.ஐ.என்.ஆர். என்றும் இரண்டு எண்கள் இருக்கும். முன்னது அலையின் வலிமை: மைனஸ் 80-ஐ ஒட்டி இருந்தால் நன்று, மைனஸ் 110-ஐத் தாண்டினால் மோசம். பின்னது இரைச்சலிலிருந்து அலை எவ்வளவு தெளிவாகப் பிரிந்து நிற்கிறது என்பது: 20-க்கு மேல் இருந்தால் மிக நன்று, பூஜ்யத்துக்குக் கீழே போனால் அழைப்பு துண்டு துண்டாகத்தான் வரும். மோடத்தை ஓரிடத்தில் வைத்து, ஓரிரு நிமிடம் பொறுத்து, இந்த எண்களைக் குறித்துக்கொண்டு அடுத்த இடத்துக்கு மாற்றுங்கள். அரைமணி நேர உழைப்பில் உங்கள் அறையின் சிறந்த இடம் தெரிந்துவிடும். பின்புறம் ஆன்டெனா செருகும் துளைகள் உள்ள மோடமாக இருந்தால், கோபுரத்தின் திசை நோக்கி வெளியே ஆன்டெனா வைப்பதும் பலன் தரும்.

மூன்றாவது, பொருத்தம். ஊரிலிருந்து எடுத்துச் செல்லும் மோடம் அங்கே வேலை செய்யாமல் போகலாம். ஒரு நிறுவனத்துக்கென்றே பூட்டப்பட்டதாக இருக்கலாம். அந்நாட்டின் அலைவரிசைகளை ஏற்காததாகவும் இருக்கலாம். விலை மலிவென்று வாங்கும் முன் இவ்விரண்டையும் கேட்டறியுங்கள்.

நான்காவது, தேவை. விளம்பரங்களில் வரும் வேகம் மெகாபிட் கணக்கில் சொல்லப்படுவது. எட்டு மெகாபிட் சேர்ந்தால்தான் ஒரு மெகாபைட். முகம் பார்த்துப் பேசுவதற்கு இரு திசையிலும் நொடிக்கு ஏறத்தாழ ஒரு மெகாபிட் நிலையாகக் கிடைத்தால் போதும். அந்த வேகத்தில் ஒரு மணி நேரம் பேசினாலும், திசைக்கு 450 மெகாபைட் வீதம், மொத்தம் ஒரு ஜிபி கூட ஆகாது. அப்படியிருக்க, மாதத் தொகுப்பு பாதி மாதத்திலேயே தீர்ந்துபோனால் அதைத் தீர்த்தது நிச்சயமாக வீட்டாரோடு பேசிய பேச்சன்று. என்னவென்று நமக்கே தெரியும்.

இங்கேதான் நாம் சொல்ல வந்த செய்திக்கு வருகிறோம். அல்குர்ஆனின் 17ஆம் அத்தியாயம் 26ஆம் வசனத்தைச் சிந்தித்துப் பாருங்கள். உறவினருக்கு அவர்களுடைய உரிமையைக் கொடுத்துவிடுமாறு ஏவும் அதே வசனம்தான் வீண்விரயம் செய்வதையும் தடுக்கிறது. அடுத்த வசனம் விரயம் செய்வோரை ஷைத்தான்களின் சகோதரர்கள் என்று கண்டிக்கிறது. உறவின் உரிமையும் வீண்விரயமும் ஒரே வசனத்தில் அருகருகே வைக்கப்பட்டிருக்கின்றன. மோடம் விஷயத்தில் நம் நிலை இதுவே. வீட்டாரின் பெயரால் வாங்குகிறோம். வேகம் வந்ததும் அதை நள்ளிரவு வரை படங்களுக்கும் குறுங்காணொளிகளுக்கும் கொடுத்துவிட்டு, வீட்டாருக்கு எஞ்சிய பத்து நிமிடத்தை, அதுவும் கண் சொக்கும் நேரத்தில் கொடுக்கிறோம். முன்பு இணைப்பு மோசமாக இருந்ததால் பேச முடியவில்லை என்று மனைவி ஆறுதல் கொள்ளலாம். இப்போது இணைப்பு நன்றாக இருக்கிறது. அவள் எதைச் சொல்லி ஆறுதல் கொள்வாள்?

நேரத்தைப் பற்றி ஒரு வழி சொல்கிறோம். சவூதி, கத்தார், குவைத் ஆகியவற்றின் நேரம் நம் நேரத்துக்கு இரண்டரை மணி பின்தங்கியது. அமீரகத்தின் நேரம் ஒன்றரை மணி. ரியாத்தில் இஷா தொழுது, உணவு முடித்து ஒன்பது மணிக்கு அழைத்தால் இங்கே இரவு பதினொன்றரை. பள்ளிக்குச் செல்லும் பிள்ளை அத்தாவின் முகத்தைத் தூக்கக் கலக்கத்தில்தான் பார்க்கும். அதோடு, இரவுப் பொழுதில்தான் ஒரே கோபுரத்தை ஆயிரக்கணக்கானோர் பங்கிட்டுக்கொள்கிறார்கள். ஒரு கோபுரத்தின் கொள்ளளவு எல்லாருக்கும் பொது. ஆள் கூடினால் ஒவ்வொருவரின் பங்கும் குறையும். எவ்வளவு விலையுயர்ந்த மோடமும் இதை மாற்றாது.

ஃபஜ்ருக்குப் பிந்திய நேரத்தைப் பாருங்கள். ஊரே உறங்கும் அந்த வேளையில் கோபுரம் ஓய்ந்திருக்கும். அங்கே ஐந்து மணி என்றால் இங்கே ஏழரை. பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பும் நேரம். புத்தகப் பையை மாட்டிக்கொண்டே அத்தாவுக்கு ஸலாம் சொல்லலாம். ஓதிய பாடத்தை ஒருமுறை ஒப்பிக்கலாம். தம் உம்மத்தின் அதிகாலைப் பொழுதில் பரக்கத் வேண்டி நபி (ஸல்) அவர்கள் துஆ செய்ததாகத் திர்மிதி, அபூதாவூத் ஆகிய நூல்களில் அறிவிக்கப்பட்டுள்ளது. அந்தப் பரக்கத் நம் கைபேசி அழைப்புக்கும் உண்டு என்று நாம் நம்புகிறோம். ஜமாஅத்துடன் தொழுதுவிட்டு, வேலைக்குச் செல்லும் பேருந்து வரும் முன் கிடைக்கும் கால்மணி நேரம் போதும். அதற்கு இரவில் சீக்கிரம் உறங்கவேண்டும். அங்கேதான் நம் நஃப்ஸ் தடுமாறுகிறது.

அறையில் உடன் இருப்போரின் உரிமையும் உண்டு. ஆறு பேர் சேர்ந்து ஒரு மோடம் வாங்கினால், பணப் பங்கை மட்டும் பேசி விட்டுவிடாதீர்கள். எந்த நேரத்தில் பெரிய கோப்புகளைப் பதிவிறக்குவதில்லை, யார் எப்போது வீட்டாரோடு பேசுவார் என்பதையும் பேசி முடிவு செய்யுங்கள். ஒருவர் படம் பார்ப்பதால் மற்றொருவரின் தாயின் குரல் அறுபடுவது அநீதி. சிம் அட்டை ஒருவரின் அடையாள அட்டையில் பதிவாகியிருக்கும். அதில் நடக்கும் தவறுக்கு அவரே பதில் சொல்ல நேரிடும். எனவே கடவுச்சொல் ஓர் அமானிதம். உரியவரின் அனுமதியின்றி அடுத்த அறைக்குக் கொடுப்பது அழகன்று. பக்கத்து அறையின் வைஃபையைக் கேளாமல் பயன்படுத்துவதற்கும் இதே பதில்தான்.

ஹிஜாபைப் பேணும் நம் பெண்கள், தங்கள் வீட்டினுள் இயல்பாக இருக்கும் கோலத்தில் திரையில் தோன்றுகிறார்கள். அந்தத் திரையை அறையில் ஐவர் பார்க்கும்படி பிடித்துக்கொண்டிருப்பது முறையா? ஃபஜ்ருக்கு முன்னும், நண்பகலிலும், இஷாவுக்குப் பின்னும் வீட்டுப் பிள்ளைகள்கூட அனுமதி கேட்டே உள்ளே வரவேண்டும் என்று 24ஆம் அத்தியாயம் 58ஆம் வசனம் கற்பிக்கிறது. வீட்டின் அந்தரங்கத்தை அந்த அளவுக்குக் காக்கும் மார்க்கம் நம்முடையது. காதுக்கருவி மாட்டிக்கொள்ளுங்கள், சுவரை முதுகுக்குப் பின்னால் வைத்து அமருங்கள், அருகில் ஆள் இருந்தால் அழைப்பின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். சவூதி அரேபியா 2017 செப்டம்பரில் இணைய அழைப்புகளுக்கான தடையை நீக்கியது. அமீரகமோ வாட்ஸ்அப் அழைப்பை நீண்ட காலமாகத் தடுத்து, போட்டிம் போன்ற உரிமம் பெற்ற செயலிகளையே அனுமதித்து வருகிறது. இந்தத் தடையைக் கடக்க வி.பி.என். பயன்படுத்துவோர் நம்மில் உண்டு. குற்றம் செய்வதற்காகவோ அதை மறைப்பதற்காகவோ பொய்யான இணைய முகவரியைப் பயன்படுத்தினால் சிறையும் 5 இலட்சம் முதல் 20 இலட்சம் திர்ஹம் வரை அபராதமும் விதிக்க அமீரகத்தின் 2021ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. தண்டனைக்கு அஞ்சி மட்டும் இதைச் சொல்லவில்லை. விசா பெற்று ஒரு நாட்டுக்குள் நுழைவது ஓர் ஒப்பந்தம். ஒப்பந்தங்களை நிறைவேற்றுமாறு 5ஆம் அத்தியாயத்தின் முதல் வசனமே ஏவுகிறது. அனுமதிக்கப்பட்ட வழி இருக்கையில் அதன் மூலம் பேசுவதே ஈமானுக்குப் பொருத்தம்.

ஊரில் இருப்போருக்கும் ஒன்று சொல்லவேண்டும். அழைப்பின் தரம் இரு முனைகளையும் பொறுத்தது. அங்கே நூறு மெகாபிட் வந்தாலும், இங்கே உள்ளறையில் ஒரு கோடு சிக்னலில் கைபேசி திணறினால் முகம் உறையத்தான் செய்யும். இந்தியாவில் 5ஜி சேவை 2022 அக்டோபர் 1 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. ஆயினும் எல்லா ஊரிலும் எல்லா வீட்டிலும் அது ஒரே சீராகக் கிடைப்பதில்லை. அங்கே ஒரு மோடத்துக்குச் செலவிடும் முன், இங்கே வீட்டில் எந்த நிறுவனத்தின் அலை நன்றாகக் கிடைக்கிறது, கம்பி இணைப்பு கிடைக்குமா என்று விசாரியுங்கள். பல வீடுகளில் குறை இந்த முனையில்தான் இருக்கிறது. பணமோ அந்த முனையில் செலவாகிறது. அழைப்பு வந்ததும் பணக் கணக்கையும் குறைகளையுமே அடுக்காமல், அவர் உண்டாரா, உறங்கினாரா என்று கேட்பதும் வீட்டாரின் கடமை. உரிமை இரு பக்கமும் உண்டு.

இத்தனையும் சொன்ன பிறகு ஒன்றை மறைக்க விரும்பவில்லை. எந்த வேகமும் பிரிவுக்கு மருந்தாகாது. காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையின் நெற்றியைத் திரை வழியாகத் தொட முடியாது. ஒவ்வொரு மனிதரும் தம் பொறுப்பிலுள்ளோரைப் பற்றி விசாரிக்கப்படுவார் என்ற நபிமொழி பணம் அனுப்பியதைப் பற்றி மட்டும் பேசவில்லை. ஆகவே, தினமும் முகம் பார்க்கிறோமே என்ற நிறைவில் விடுப்பைத் தள்ளிப் போடாதீர்கள். மோடம் உங்களை ஊருக்கு வரச்சொல்லி நினைவூட்டட்டும். வராமல் இருப்பதற்குச் சாக்காக வேண்டாம்.

நாளை ஃபஜ்ருக்குப் பின் ஓர் அழைப்பு விடுத்துப் பாருங்கள். பிள்ளை விழித்திருக்கும்.

நம் குடும்பங்களை அன்பிலும் நம்பிக்கையிலும் இணைத்துவைப்பானாக. தூரத்தில் உழைப்போரைப் பாதுகாத்து, அவர்களை நலமுடன் வீட்டாரிடம் கொண்டுவந்து சேர்ப்பானாக அல்லாஹ். ஆமீன்.