கணக்கு எண்ணும் பெயரும்: ரிசர்வ் வங்கி ஆளுநருக்கு ஒரு திறந்த மடல்



ஆடிட்டர், வழக்கறிஞர், கட்டட வடிவமைப்பாளர் அலுவலகங்களைக் குறிவைக்கும் பணமோசடிக்கு ஓ.டி.பி.யைத் திருட வேண்டியதில்லை. அலுவலகமே தன் கையால் பணத்தை அனுப்பிவிடுகிறது. மோசடிக்காரர் மின்னஞ்சல் பெட்டிக்குள் நுழைந்து, எந்த பில் எப்போது வரும், யார் ஒப்புதல் தருவார் என்று பொறுமையாகப் படிக்கிறார். பெரிய தொகை கைமாறும் நாளில், பழைய மடலுக்குப் பதில்போல ஒரு வரி வருகிறது: "வங்கிக் கணக்கு மாறியிருக்கிறது." முகவரியில் ஓர் எழுத்து பிசகியிருக்கும், சில வேளை அதுவும் இராது. போன பணம் வாடகைக்கு எடுத்த கணக்குகளில் விரைவாகப் பிரிந்து மறைகிறது.

இதற்கு வழிவிட்டது ஒரு பழைய ஏற்பாடு. நெஃப்ட், ஆர்.டி.ஜி.எஸ். பரிமாற்றங்களில் கணக்கு எண்ணை மட்டும் பார்த்து வரவு வைக்கலாம் என்று 2010-இல் ரிசர்வ் வங்கி அனுமதித்தது. பெறுபவர் பெயரை எவ்வளவு கவனமாக எழுதினாலும் அது பாதுகாப்பாகவில்லை. யு.பி.ஐ.யில் காய்கறிக் கடைக்காரரின் பெயர்கூடத் திரையில் தெரிந்த காலத்திலும், லட்சக்கணக்கான ரூபாய் பெயர் பாராமலே போனது. 2024 டிசம்பர் 30 அன்று வந்த உத்தரவு, 2025 ஏப்ரல் 1-க்குள் பெயரைக் காட்டும் வசதியைக் கட்டணமின்றித் தரச் சொன்னது. மிக நல்ல முடிவு, தாமதமாக வந்தாலும்.

ஆனால், மாதக் கடைசியில் பல பேருக்கான தொகையை ஒரே கோப்பாக வங்கித் தளத்தில் ஏற்றும் அலுவலகத்தில் ஒவ்வொரு பெயரையும் திறந்து பார்க்க யாருக்கும் நேரமில்லை. அந்தக் கோப்பின் ஒவ்வொரு வரியிலும் பெயரும் எண்ணும் பொருந்துகின்றனவா என்பதை வங்கியே சோதித்து, பொருந்தாததை நிறுத்துவது கட்டாயமாக வேண்டும். கணக்கு மாற்றம் பற்றிய மடல் வந்தால், ஏற்கெனவே கைவசமுள்ள தொலைபேசி எண்ணில் பேசி உறுதிசெய்வது அலுவலகத்தின் கடமை. ஏமாந்தது தெரிந்தவுடன் வங்கிக்கும் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கும் சொல்வதும் அப்படியே.

இழப்பு யாருடையது என்பதே கடினமான கேள்வி. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலைச் சுற்றறிக்கை, வாடிக்கையாளர் அனுமதியின்றி நடந்த பரிமாற்றங்களுக்குப் பாதுகாப்பு தந்தது. ஏமாந்து தானே அனுப்பியவர் அதற்குள் வரவில்லை. பிரிட்டனில் 2024 அக்டோபர் 7 முதல் இத்தகைய இழப்பை 85,000 பவுண்டு வரை வங்கிகள் ஈடுசெய்கின்றன. பத்துப் பேருக்கும் குறைவானோர் பணிபுரியும் குறுநிறுவனங்களும் இதில் அடக்கம். அனுப்பிய வங்கியும் பெற்ற வங்கியும் பாதிப் பாதி ஏற்கின்றன. மோசடிக்காரருக்குக் கணக்குத் திறந்து கொடுத்த வங்கி மீதும் இந்தியாவில் அந்தப் பாதிச் சுமை விழ வேண்டும்.