ஞானஸ்நானப் பெயரும் சாதிச் சான்றிதழும்

தமிழில் கிறித்தவ இலக்கியம் என்றவுடன் நம் நினைவுக்கு வருவோர் இரு வகையினர். கடல் கடந்து வந்து தமிழ் கற்ற பாதிரிமார் ஒரு வகை. வளர்ந்து ஆளான பின் மதம் மாறிய புலவர்கள் மற்றொரு வகை. வீரமாமுனிவரின் தேம்பாவணி முதல் வகைக்குச் சான்று. எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம் (1894) இரண்டாம் வகைக்குச் சான்று. முதுகலைத் தமிழ் மாணவர்கள் 'கிறித்தவத் தமிழ் இலக்கியம்' என்று படிப்பது பெரும்பாலும் இந்த எல்லைக்குள் முடிந்துவிடுகிறது.

கிருஷ்ணபிள்ளை 1827இல் வைணவக் குடும்பத்தில் பிறந்தவர். 1858இல், முப்பதை எட்டிய வயதில், திருமுழுக்குப் பெற்றவர். நன்கு கற்று, நன்கு வாதிட்டு, வெளியிலிருந்து வாசல் கடந்து உள்ளே வந்தவர். அவருடைய விசுவாசம் ஒரு பெரியவரின் விசுவாசம். அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் உள்ளேயே பிறந்தவர்களின் கதை எங்கே? தாய் மடியில் கிடந்தபோதே தலையில் தண்ணீர் ஊற்றப்பட்டு, சூசை என்றும் மரியம்மாள் என்றும் பெயர் பெற்று, பேசக் கற்கும்போதே செபம் சொல்லக் கற்றவர்கள் அவர்கள். அவர்களுக்கு விசுவாசம் தேர்ந்துகொண்ட ஒன்றன்று. கண்ணின் நிறத்தைப் போல வாய்த்த ஒன்று. வாய்த்ததை ஒருநாள் தனதாக்கிக் கொள்ள வேண்டும், அல்லது கைவிட வேண்டும். அந்த நாளைப் பற்றித் தமிழ் இலக்கிய வரலாறு என்ன சொல்கிறது?

சொல்லியிருக்கிறது. அதுவும் நம் விருதுநகர் மாவட்டத்திலிருந்தே, ஒரே வீட்டிலிருந்தே சொல்லியிருக்கிறது. வத்திராயிருப்பை அடுத்த புதுப்பட்டியில் 1950இல் பிறந்த ராஜ் கௌதமன் 'சிலுவைராஜ் சரித்திரம்' (2002) எழுதினார். அவருடைய தங்கை, 1958இல் பிறந்த பாமா, அதற்குப் பத்தாண்டுகள் முன்பே 'கருக்கு' (1992) எழுதினார். ராஜ் கௌதமன் 2024 நவம்பரில் மறைந்தபோது வந்த அஞ்சலிகள் அவரைத் தலித்திய ஆய்வாளர் என்றும் பண்பாட்டு வரலாற்றாசிரியர் என்றும் போற்றின. அத்தனையும் உண்மை. ஆயினும் ஒரு கிறித்தவப் பிள்ளை எப்படிப் பெரியவனாகிறான் என்பதைத் தமிழில் விரிவாக எழுதிக்காட்டியவர் அவர் என்பதை அழுத்திச் சொன்னவர்கள் குறைவு.

நம் வாதம் இதுதான். இந்த இரண்டு நூல்களும் சாதியைப் பற்றியவை. அதே அளவுக்கு விசுவாசத்தைப் பற்றியவையும்கூட. இலக்கியவாதிகள் பிந்தையதைக் காண மறுக்கிறார்கள். சபைகள் நூல்களையே காண மறுக்கின்றன. அரசோ, இந்நூல்கள் பேசும் அந்த வயதில் நிற்கும் பிள்ளைக்குத் தண்டனை விதிக்கிறது. மூவரும் சேர்ந்து செய்யும் வேலை ஒன்றே: கிறித்தவப் பிள்ளைகளை, குறிப்பாகத் தலித் கிறித்தவப் பிள்ளைகளை, விசுவாசத்தில் வளரவிடாமல் நிறுத்திவைப்பது.

*

முதலில் நம் இலக்கிய நண்பர்களிடம் வருவோம்.

கருக்கு பற்றி நடக்கும் கருத்தரங்குகளில் மூன்று தலைப்புகள் தவறாமல் இடம்பெறும்: தலித் தன்வரலாறு, பெண்ணியம், பேச்சுவழக்கு. மூன்றும் தேவையானவையே. ஆனால் நூலின் உட்கரு என்ன? ஏழைகளுக்குத் தொண்டு செய்ய வேண்டும் என்ற வேட்கையோடு ஒரு பெண் துறவற சபையில் சேர்கிறார், அங்கே ஏழைகளுக்கும் தமக்கும் இடையே மதில் எழும்பியிருப்பதைக் காண்கிறார், வெளியேறுகிறார், கையில் வேலையும் காசும் இல்லாத நிலையில் தம் வாழ்வைத் திரும்பிப் பார்த்து எழுதுகிறார். பனங்கருக்கின் இருபுறக் கூர்மையை எபிரேயர் நிருபம் பேசும் இருபுறமும் கருக்குள்ள வாளோடு இணைத்துத்தான் நூலின் பெயரையே அவர் விளக்குகிறார். வேதத்தை விட்டெறிந்தவர் செய்யும் இணைப்பா இது? தாழ்மை, கீழ்ப்படிதல், பொறுமை என்றே தமக்குப் போதிக்கப்பட்டதையும், அநீதி கண்டு சினந்த, ஏழைகளின் பக்கம் நின்ற இயேசுவை யாரும் தமக்கு அறிமுகப்படுத்தாததையும் அவர் குறையாகச் சொல்கிறார். இயேசு வேண்டாம் என்ற முடிவுக்கு அவர் இதிலிருந்து வரவில்லை. சரியான இயேசுவைத் தாருங்கள் என்று கேட்கிறார். அது வளர்ந்தவரின் கேள்வி.

நம் நண்பர்கள் சிலர் உள்ளத்தில் ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார்கள். பிள்ளைப் பருவம் என்றால் பக்தி; வாலிபம் என்றால் ஐயம்; முதிர்ச்சி என்றால் பகுத்தறிவு. கோயிலை விட்டு வெளியேறுவதே பெரியவனாவதன் அடையாளம். இச்சூத்திரத்தை வைத்துப் படிப்பவர்களுக்குக் கருக்கு துறவற மடத்தைவிட்டு வெளியேறியவரின் கதையாகவும், சிலுவைராஜ் சரித்திரம் மதத்தை எள்ளி நகையாடும் கதையாகவும் மட்டுமே தெரியும். எள்ளல் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பூசையையும் பாவசங்கீர்த்தனத்தையும் உள்ளிருந்து அறியாதவரால் அப்படி எள்ளி நகையாட முடியாது. ஐயப்படுவதற்கான மொழியையும் சிலுவைராஜுக்கு அவனுடைய ஞானோபதேசமே தந்திருக்கிறது. விசுவாசத்தை ஏற்பவனும் மறுப்பவனும் அதனோடு மல்லுக்கட்டியாக வேண்டும். அந்த மல்லுக்கட்டுதான் இலக்கியம். யார் வென்றார் என்று பார்த்து மதிப்பெண் போடுவது விமர்சனமாகாது.

*

அடுத்து, சபைகளிடம்.

சிவகாசி வட்டாரத்தில் புரோட்டஸ்டண்டு கிறித்தவம் ஒன்றே முக்கால் நூற்றாண்டை நெருங்குகிறது. சி.எம்.எஸ். சங்கத்தைச் சேர்ந்த தாமஸ் ராக்லண்டு 1850களில் கூடாரம் அடித்துத் தங்கி ஊர் ஊராகச் சென்று பிரசங்கித்தார். 1858இல் சிவகாசியிலேயே மறைந்தார். கத்தோலிக்கத் திருச்சபையின் வேர் தென்தமிழகத்தில் இன்னும் ஆழமானது. இரு சபைகளுக்கும் பிள்ளை வளர்ந்துவிட்டதை அறிவிக்க ஒரு சடங்கு உண்டு. ஒரு சபையார் அதைத் திடப்படுத்தல் என்பர். மற்றொரு சபையார் உறுதிபூசுதல் என்பர். குழந்தையாக இருந்தபோது பெற்றோரும் ஞானப்பெற்றோரும் தனக்காகச் சொன்ன வாக்குறுதியைப் பிள்ளை இப்போது தன் வாயால் சொல்கிறது. பெரும்பாலும் பதினான்கு, பதினைந்து வயதளவில் இது நடக்கிறது. மிக அழகான ஏற்பாடு. ஆனால் அதற்கு முன் நடக்கும் வகுப்பில் என்ன நடக்கிறது? வினா விடை மனப்பாடம். பத்துக் கட்டளை, விசுவாசப் பிரமாணம், பரமண்டல செபம். பிறகு சினிமா பார்க்காதே, காதலிக்காதே, கைப்பேசியைத் தொடாதே.

இந்த மண்ணில் ஒரு பிள்ளை எப்படிப் பெரியவனாகிறது என்பதைச் சற்று நினைத்துப் பாருங்கள். 1923இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தொடங்கிவைத்த தொழில் வறண்ட நிலத்துக்குச் சோறு போட்டது, உண்மை. அதே தொழில் பல பத்தாண்டுகள் பிள்ளைகளின் விரல்களையும் தின்றது. இருள் பிரியுமுன் வண்டி வந்து, தூங்கி வழியும் சிறுமிகளைத் தீப்பெட்டி ஆபீசுக்கு ஏற்றிச் சென்ற காலத்தை இங்கே நடுவயது கடந்த எவரும் மறந்திருக்க மாட்டார். கூலி வாங்கத் தொடங்கிய அன்று பிள்ளை பெரியவள் ஆனாள். பிள்ளை பிள்ளைதான் என்று சொல்ல இந்நாட்டுக்கு 1986இல் ஒரு சட்டமும், சிவகாசியை முன்வைத்து எம்.சி. மேத்தா தொடர்ந்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும், பதினெட்டு வயது நிரம்பாதவர்களை ஆபத்தான தொழில்களிலிருந்து விலக்கி 2016இல் ஒரு திருத்தமும் தேவைப்பட்டன.

ஆக, வெடிமருந்தைத் தொடுவதற்குப் பதினெட்டு. விசுவாசத்தை உறுதி செய்வதற்குப் பதினைந்து. அந்தப் பதினைந்து வயதுப் பிள்ளையின் தாயோ தகப்பனோ பட்டாசு ஆலையில் இருக்கக்கூடும். 2012 செப்டம்பர் 5இல் முதலிப்பட்டியில் 30க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2021 பிப்ரவரியில் சாத்தூர் அருகே அச்சன்குளத்தில் மீண்டும் பெருவிபத்து. இவ்விரண்டுக்கும் இடையிலும் பின்னரும் நடந்தவை பல. இப்படி ஒரு மண்ணில் 'ஏன்?' என்று கேட்காத பிள்ளை உண்டா? தேவ சித்தம் என்ற விடையோடு அந்தக் கேள்வியை மூடிவிடும் வகுப்பு எதைத் திடப்படுத்துகிறது? யோபு கேட்டதைவிட அதிகமாக எந்தப் பிள்ளையும் கேட்டுவிடப் போவதில்லை. அப்படியிருக்க, யோபுவின் பொறுமையை மட்டும் போதித்து, அவருடைய வழக்கை மறைப்பது ஏன்?

லூக்கா ஒரு நிகழ்ச்சி சொல்கிறார். பன்னிரண்டு வயது இயேசு பெற்றோருக்குச் சொல்லாமல் எருசலேம் ஆலயத்திலேயே தங்கிப் போதகர்களிடம் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறார். பெற்றோர் தேடி அலைகிறார்கள். பிறகு நாசரேத்துக்குத் திரும்பி அவர்களுக்குக் கீழ்ப்படிந்திருந்தார். மறைக்கல்வி வகுப்புகளில் அழுத்திச் சொல்லப்படுவது அந்தக் கீழ்ப்படிதல். கேள்வி கேட்டதும் அதே நிகழ்ச்சியில்தானே இருக்கிறது?

விதிவிலக்கான குருக்களும் போதகர்களும் உண்டு. கருக்கைக் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னவர்களும் உண்டு. அவர்களை வணங்குகிறோம். ஆனால் கல்லறையில் சாதிச்சுவர் வைத்திருக்கும் ஊர்களை அவர்களால் மட்டும் மாற்றிவிட முடியாது. 2008 மார்ச்சில் விழுப்புரம் மாவட்டம் எறையூரில் ஒரே திருச்சபைப் பிள்ளைகள் சாதியாகப் பிரிந்து மோதி, காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தனர். அதற்கடுத்த ஞாயிறு மறைக்கல்வி வகுப்புக்கு வந்த பிள்ளைக்கு, 'நாம் எல்லாரும் ஒரே சரீரம்' என்ற பாடத்தை எந்த முகத்தோடு நடத்துவது?

*

இனி அரசிடம்.

1950 ஆகஸ்ட் 10இல் வெளியான குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாத எவரும் பட்டியல் சாதியினர் ஆகார் என்றது. 1956இல் சீக்கியர்க்கும் 1990இல் பௌத்தர்க்கும் கதவு திறந்தது. கிறித்தவர்க்கும் இசுலாமியர்க்கும் திறக்கவில்லை. அந்தப் பத்தியை நீக்கலாம் என்று ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் பரிந்துரைத்தது. தமிழகச் சட்டமன்றம் 2023 ஏப்ரலில் தீர்மானம் நிறைவேற்றியது. பத்தி அப்படியே இருக்கிறது. தமிழ்நாட்டில் மதம் மாறிய ஆதிதிராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்படுகிறார்கள்.

இதன் பொருளைக் கல்லூரி வாசலில் நிற்பவர்களே நன்கு அறிவார்கள். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, கல்லூரிச் சேர்க்கை, உதவித்தொகை என்று சாதிச் சான்றிதழ் கேட்கப்படும் ஆண்டுகளும், நான் விசுவசிக்கிறேன் என்று பிள்ளை தன் வாயால் சொல்லும் ஆண்டுகளும் ஏறத்தாழ ஒன்றே. ஆலயப் பதிவேட்டில் ஒரு பெயர். சான்றிதழில் வேறு பெயர். வகுப்பில் கருக்கு நடத்தும்போது, பேச்சுவழக்கைப் பற்றி ஆர்வமாகக் கேட்கும் மாணவர்களுக்கு நடுவே, தலை குனிந்து புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் இரண்டொரு பிள்ளைகளை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். அவர்களை நாம் எதுவும் கேட்பதில்லை. தங்களைப் பற்றிய நூல் நடத்தப்படும்போதும் தாங்கள் இன்னார் என்று சொல்ல முடியாத நிலையில் ஒரு சட்டம் அவர்களை வைத்திருக்கிறது.

2024 நவம்பர் 26இல் உச்ச நீதிமன்றம், புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண்ணின் வழக்கில், மெய்யான நம்பிக்கையின்றி இட ஒதுக்கீட்டுக்காக மட்டும் மதம் மாறுவது அரசமைப்பின் மீதான மோசடி என்றது. அவர் குழந்தையாக இருந்தபோது திருமுழுக்குப் பெற்றதும், ஆலயத்துக்குத் தவறாமல் செல்வதும் அவருக்கு எதிரான சான்றுகள் ஆயின. தீர்ப்பின் சட்ட நுணுக்கத்துக்குள் நாம் போகவில்லை. ஆனால் மோசடி என்ற சொல்லை யார்மீது வைப்பது என்பது இலக்கியம் படிப்பவர்களுக்கும் உரிய கேள்வி. கிறித்தவத்தில் சாதி இல்லை என்று சொல்லி மேடையேறியது யார்? ஞானஸ்நானத் தண்ணீர் பட்டதும் தீண்டாமை கழுவப்பட்டுவிடும் என்று கருதிக் கொண்டது யார்? கழுவப்படவில்லை என்பதற்குக் கருக்கின் ஒவ்வொரு பக்கமும் சாட்சி. அந்தச் சாட்சியைத் தள்ளிவிட்டுச் சாட்சி சொன்னவளின் பிள்ளையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமன்று.

சலுகை வேண்டுமென்றால் மதத்தை விடட்டும், மதம் வேண்டுமென்றால் சலுகையை விடட்டும் என்று எளிதாகச் சொல்வோர் உண்டு. சீக்கியரிடமும் பௌத்தரிடமும் இந்த நிபந்தனையைச் சட்டம் வைக்கவில்லையே என்பதே போதுமான விடை. அதைவிடப் பெரிய விடை, பதினேழு வயதில் விசுவாசத்தையும் படிப்பையும் தட்டில் வைத்து ஒன்றை எடு என்று சொல்லும் ஒரு நாடு அந்தப் பிள்ளைக்கு மதச் சுதந்திரம் தந்திருப்பதாகச் சொல்லிக்கொள்ள முடியாது என்பது.

*

நாம் கேட்பவை பெரியவை அல்ல. பல்கலைக்கழகங்கள் கிறித்தவ இலக்கியத் தாளில் தேம்பாவணிக்கும் இரட்சணிய யாத்திரிகத்துக்கும் பக்கத்தில் கருக்கையும் சிலுவைராஜ் சரித்திரத்தையும் வைக்கட்டும். திடப்படுத்தல் வகுப்பிலும் உறுதிபூசுதல் வகுப்பிலும் அவற்றின் பகுதிகள் வாசிக்கப்படட்டும். பிள்ளைகள் கேள்வி கேட்கட்டும். விடை தெரியாத இடத்தில் குரு தெரியாது என்று சொல்லட்டும். ஆண்டுக்கு ஒரு நாள் நவம்பரில் தலித் விடுதலை ஞாயிறு கொண்டாடிவிட்டு, மீதி ஐம்பத்தொரு ஞாயிறுகளும் மௌனம் காக்கும் வழக்கம் ஒழியட்டும். மூன்றாம் பத்தியை நீக்கக் கோரும் ஊர்வலத்தில் அதனால் பாதிக்கப்படாத சாதிக் கிறித்தவர்களே முன்வரிசையில் நடக்கட்டும்.

விசுவாசத்தில் நிலைப்பதா விலகுவதா என்பது அந்தந்தப் பிள்ளை எடுக்க வேண்டிய முடிவு. ஒரே வீட்டில் வளர்ந்த அண்ணனும் தங்கையும்கூட அதை ஒரே மாதிரி எழுதவில்லை. ஆனால் முடிவெடுக்கும் வயதில் உண்மையைச் சொல்லும் உரிமையாவது பிள்ளைக்கு வேண்டும். ஆலயத்தில் ஒரு பெயரும் அலுவலகத்தில் ஒரு பெயருமாக வாழப் பழகுவதே பெரியவனாவதன் முதல் பாடம் என்றால், அந்தப் பாடத்தை எழுதியவர்கள் சபையோர், சட்டத்தார், நம்மைப் போன்ற படித்தவர்கள் ஆகிய பெரியவர்களே. மறுப்புள்ளவர்கள் மறுக்கட்டும். அதற்கு முன் அந்த இரண்டு நூல்களையும் ஒருமுறை, இந்தக் கேள்வியோடு, வாசித்துவிட்டு வரட்டும்.