கழியைத் தின்ற வரைபடம்

வடசென்னையின் எண்ணூர்க் கழியை மண் கொட்டி மட்டும் மூடவில்லை, காகிதத்திலும் மூடினார்கள். 1996இல் மத்திய அரசு ஒப்புதல் தந்த கடற்கரை வரைபடத்தில் சுமார் 6,500 ஏக்கர் கழி, கட்டுமானம் கூடாத பகுதி. பிறகு வந்த வரைபடத்தில் கழியையே காணோம். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டபோது, 2017இல்தான் அது வெளியே தெரிந்தது. தண்ணீர் என்னவோ பழைய இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது! அனல்மின் நிலையக் குழாய்களில் கசிந்த சாம்பல் படிந்து, கழியில் சேரும் கொசஸ்தலையாறு மேடேறியது. இறாலைக் கையால் தடவிப் பிடிக்கும் இருளர்களுக்குச் சேற்றுக்குப் பதில் சாம்பல். 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்தது. கூழைக்கடாக்களின் இறகெல்லாம் கறுப்பு. மீனவர்களே வாளியும் கையுமாக எண்ணெயை அள்ளினார்கள். இத்தனை சேதத்துக்கும் நிவாரணத் தொகை மட்டும் போதாது. 1996 வரைபடத்தை அப்படியே மீட்டு, அந்த எல்லைக்குள் இனி எந்த ஆலைக்கும் இடமில்லை என்று அறிவிக்க வேண்டும். சாம்பலை அள்ளும் செலவு, கொட்டியவர்களுடையது.