தள்ளப் போவது யாரு?

"ஒரு தள்ளுவண்டி வாங்கலாம்னு இருக்கேம்மா" என்றேன்.

அம்மா, ஆய்ந்துகொண்டிருந்த கீரையைக் கீழே வைத்தாள். "ஏன்டா, ஆபீஸ்ல ஏதாவது பிரச்னையா? இட்லிக் கடை போடறதா இருந்தா முன்கூட்டியே சொல்லு. அரிசி ஊறப் போடணும்!"

தமிழில் இது ஒரு சங்கடம். 'ஸ்ட்ரோலர்' என்றால் கடைக்காரருக்கு மட்டும் புரிகிறது. 'தள்ளுவண்டி' என்றால் ஊருக்கே புரிகிறது, வேறு அர்த்தத்தில்!

விஷயம் இதுதான். எங்கள் வீட்டு இளவரசருக்கு எட்டு மாதம். எடை எட்டரை கிலோ. நானும் மனைவியும் வேலைக்குக் கிளம்பிவிட்டால் சாயங்காலம் வரை அவனுக்கு அம்மாதான் ராஜாங்கம். அம்மாவுக்கு வயது 68. வலது முழங்கால் ஸ்டிரைக் நோட்டீஸ் கொடுத்து இரண்டு வருஷமாகிறது. பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருமுனைப் பூங்காவுக்குப் போய் வந்துகொண்டிருந்தவள், மூன்று மாதமாகப் பால்கனியோடு சரி. பூங்கா சிநேகிதிகள் எல்லாம் இப்போது போனில்தான்.

ஆக, வண்டி அவசியம். எந்த வண்டி என்பதுதான் கேள்வி.

அடியேன் பி.காம். பி.காம். படித்தவன் எதையும் சும்மா வாங்கி ஏமாற மாட்டான். நோட்டுப் போட்டு, கட்டம் கட்டி, கணக்கெழுதித்தான் ஏமாறுவான். விலை, ஆயுள், தேய்மானம், கடைசியில் விற்றால் என்ன வரும் என்று நாலு பத்தி போட்டுக்கொண்டு மனைவியுடன் கடைக்குப் போனேன்.

விற்பனைப் பையன் ஒரு ராட்சச வண்டியை உருட்டிக்கொண்டு வந்தான். விலை 28,000. எடை 12 கிலோ. சைக்கிளுக்குத் தம்பி மாதிரி சக்கரங்கள்.

"சஸ்பென்ஷன் பாருங்க சார்! மணல், மலை, எங்க வேணா போகும்."

"மழை நாள்ல துரைசாமி சப்வேல போகுமா?"

"அதுக்கு போட்தான் சார் வாங்கணும்!"

அடுத்தது, காபி டம்ளர் வைக்க இடம், பாட்டு, குழந்தை சாப்பிட ஒரு மேஜை என்று சகல வசதிகளும் கொண்டது. அம்மாவுக்கு ஒரு டி.வி. வைத்துவிட்டால் வாடகைக்கே விடலாம். மூன்றாவது, ஆறு கிலோவில் ஒல்லியாக ஒன்று. நோஞ்சான் மாதிரி மூலையில் நின்றது.

என் கண் அந்த ராட்சசன் மேல்தான். பையன் அதில் உட்கார்ந்தால் கலெக்டர் மாதிரி இருப்பான்! பர்ஸைத் தொடப் போன நேரத்தில், அதுவரை வாய் திறக்காத மனைவி கேட்டாள்.

"ஏங்க, இதை யாரு தள்ளப் போறாங்க?"

"அம்மாதான்."

"அத்தையைக் கூட்டிட்டு வந்தீங்களா?"

அவ்வளவுதான். என் நாலு பத்தியும் அவுட்! உட்காரப் போகிறவனைப் பற்றியே யோசித்தேனே தவிர, தள்ளப் போகிறவளுக்கு நோட்டில் ஒரு வரிகூட ஒதுக்கவில்லை.

அடுத்த ஞாயிறு அம்மாவோடு போனோம். ராட்சசனின் கைப்பிடி அம்மாவின் நெஞ்சு உயரத்துக்கு வந்தது. மடக்குவதற்குப் பையன் செய்முறை விளக்கம் தந்தான். இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அமுக்கி, காலால் ஒரு கம்பியை மிதிக்க வேண்டுமாம்.

"ஏம்ப்பா, ஒரு கையில குழந்தை இருக்கும். இன்னொரு கையால ஒரு பட்டன்தான் அமுக்கலாம். மிதிக்கிறது நல்ல காலுன்னே வச்சுக்க. அப்ப என்னைத் தாங்கி நிக்க வேண்டியது வலிக்கிற காலா?" என்றாள் அம்மா.

பையனிடம் பதில் இல்லை. நான் டேப்பை எடுத்து அகலத்தை அளந்தேன். 62 சென்டிமீட்டர். எங்கள் ஃபிளாட் லிஃப்டில் வண்டி நுழைந்தால் அம்மா வெளியே; அம்மா நுழைந்தால் வண்டி வெளியே!

இந்த வண்டியின் பூர்வோத்திரத்தைப் படித்தால் தமாஷாக இருக்கிறது. 1733-ல் இங்கிலாந்தில் டெவன்ஷயர் பிரபுவின் குழந்தைகளுக்காக வில்லியம் கென்ட் என்பவர் ஒரு வண்டி செய்தார். அதை இழுக்க வேண்டியது ஆடோ குட்டிக் குதிரையோதான். முழங்கால் வலி அப்போது ஆட்டின் கவலை! நாம் இன்று பார்க்கும், குடை மாதிரி மடங்கும் வண்டி வந்தது 1965-ல். ஓவன் மெக்லாரன் என்ற விமானப் பொறியாளரின் கைவண்ணம். இரண்டாம் உலகப் போரில் பறந்த ஸ்பிட்ஃபயர் விமானத்தின் சக்கரப் பகுதியை வடிவமைத்ததில் பங்குள்ளவர். பேரக்குழந்தையோடு வந்த மகள் கனமான வண்டியை வைத்துக்கொண்டு படும் பாட்டைப் பார்த்துவிட்டு, அலுமினியக் குழாய்களில் மூன்று கிலோவுக்குள் ஒன்றைச் செய்தாராம். பாருங்கள், அந்த மனுஷரும் கவனித்தது தள்ளுகிறவளைத்தான்!

மூலையில் நின்ற நோஞ்சானே வீட்டுக்கு வந்தது. அகலம் 46 சென்டிமீட்டர். ஒரு கையால் மடங்குகிறது.

வாங்கப் போகிறவர்களுக்கு நாலு வார்த்தை. உங்கள் குழந்தைக்கு ஆறு மாதம் ஆகவில்லை என்றால், கிட்டத்தட்ட படுக்கை மாதிரி சாய்கிற வண்டிதான் வேண்டும். கழுத்தும் முதுகும் நிற்காத குழந்தையை நிமிர்த்தி உட்கார வைக்கக் கூடாது. எங்கள் ஆள் தானாக உட்காருகிறவன் என்பதால் அந்தச் செலவு மிச்சம். தோள் இரண்டு, இடுப்பு இரண்டு, காலுக்கு நடுவே ஒன்று என்று ஐந்து முனை பெல்ட் கட்டாயம். பிரேக்கைப் போட்டுத் தள்ளிப் பாருங்கள், நகர்ந்தால் வேண்டாம். கைப்பிடியில் காய்கறிப் பையை மாட்டாதீர்கள். குழந்தையைத் தூக்கிய மறு நிமிஷம் வண்டி குடை சாயும். வெயிலுக்குத் துணி போட்டு மூடுவது இன்னும் மோசம். உள்ளே காற்றில்லாமல் சூடு ஏறிவிடும். எஸ்கலேட்டரில் ஏற்றவே ஏற்றாதீர்கள்.

எல்லாவற்றையும் சரிபார்த்தவன் ஒன்றை விட்டுவிட்டேன். தெரு!

நடைபாதையில் ஆள் நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் தடையில்லாமல் இருக்க வேண்டும் என்கிறது இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸின் 2012-ம் ஆண்டு வழிகாட்டி. எங்கள் தெருவில் மின்சாரப் பில்லர் பாக்ஸுக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவே நான் அளந்தது 42 சென்டிமீட்டர். நம் வண்டியோ 46! நாலு சென்டிமீட்டருக்காக ரோட்டில் இறங்க வேண்டும். இறங்கினால் பைக்குகள். வாட்ச்மேன்தான் கைகொடுத்தார். வாசல் மூன்று படியிலும் வண்டியைத் தூக்கி இறக்கி, பில்லர் பாக்ஸைத் தாண்டும் வரை கூட வருகிறார். அப்புறம் பூங்கா வரை பாதை பரவாயில்லை.

போன ஞாயிறு, 2019-ல் அகலமாகப் போட்ட பாண்டி பஜார் நடைபாதைக்கு ஆட்டோவில் போனோம். வண்டி மடங்கி என் காலடியில் கிடந்தது. அங்கே இறக்கிவிட்டதும் அம்மா தள்ள ஆரம்பித்தாள். பேரன் கடை விளக்குகளைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டே போனான். ஒரு கோடியிலிருந்து மறு கோடி. திரும்பவும் இந்தக் கோடி. எனக்குக் கால் வலித்தது.

டாக்டர் போன வருஷம் கைத்தடி வாங்கச் சொன்னார். வாங்கியும் கொடுத்தேன். "கிழவின்னு போர்டு மாட்டிக்கிட்டுப் போகணுமா?" என்று கதவுக்குப் பின்னால் சாத்தியதுதான். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை.

"அம்மா, கைப்பிடி மேல சாயாதே. வண்டி பின்னால சாஞ்சுடும்."

"சாயலடா. சும்மா புடிச்சிருக்கேன், அவ்வளவுதான்."

கொஞ்ச தூரம் போனதும், பேரனைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "இவன் நடக்க ஆரம்பிச்சப்புறம் இதை என்னடா பண்ணுவே?"

"வித்துடலாம்மா. பாதி விலையாவது வரும்."

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கைப்பிடியையும் விடவில்லை.

அன்று ராத்திரி நோட்டை எடுத்தேன். 'ஆயுள்: 2 வருஷம். விற்றால்: பாதி விலை' என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டேன். பதிலுக்கு என்ன எழுதுவது என்று எந்த பி.காம். பாடத்திலும் சொல்லித் தரவில்லை!