கணக்குப் பெட்டியின் சாவி யாரிடம்?



ஒரு காலத்தில் நம் கடைகளில் கணக்கு என்றால் குறிப்பேடு, பேரேடு, ஒரு கணக்குப்பிள்ளை. இன்று பில் போடுவது, இருப்புப் பார்ப்பது, ஜி.எஸ்.டி. படிவம் அனுப்புவது எல்லாம் கம்ப்யூட்டரில். வசதிதான். ஆனால் அந்தக் கணக்குப் பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறது?

2025 செப்டம்பர் 22 அன்று ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறின. சோப்பு, பற்பசை, தலை எண்ணெய் 18 சதவீதத்திலிருந்து 5-க்கு வந்தன. நெய், வெண்ணெய் 12-லிருந்து 5-க்கு வந்தன. பொழுது விடிவதற்குள் பில்லில் மாற்ற வேண்டும். நம் பகுதி மளிகைக்கடை ஒன்றில், சாஃப்ட்வேர் கொடுத்தவர் ஆண்டுச் சந்தாவைக் கட்டினால்தான் கை வைப்பேன் என்று சொல்லிவிட்டார். வேறு சாஃப்ட்வேருக்கு மாறலாம் என்றால், பழைய கணக்கை வெளியே எடுக்க வழியில்லை. சரக்கு நம்முடையது, கடன் பாக்கி நம்முடையது, கணக்கு மட்டும் அடுத்தவர் பூட்டுக்குள்!

இதற்கு மாற்று உண்டு என்பதை, 2024 ஜூலையில் சென்னையில் நடந்த தமிழ் கட்டற்ற மென்பொருள் மாநாட்டில் கண்டேன். பேரன் அழைத்ததால் போனேன். இணையதளங்களும் செயலிகளும் எழுதும் இளைஞர்கள், தாங்கள் எழுதியதை ஒளிக்காமல் ஊருக்கே எடுத்துக் காட்டினார்கள். நாம் மசாலாப் பொடியின் பக்குவத்தைப் பிள்ளைக்குக்கூடச் சீக்கிரம் சொல்லமாட்டோம். இவர்களோ பக்குவத்தையும் சேர்த்தே கொடுக்கிறார்கள். வாங்கியவர் மாற்றிக்கொள்ளலாம், பிறருக்கும் கொடுக்கலாம்.

இது புதுக்கதை அல்ல. 1991-ல் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் தொடங்கிய லினக்ஸ்தான், நம் கல்லாவில் கிடக்கும் ஆண்ட்ராய்டு போனுக்கும் அடித்தளம். சென்னையில் 1998 முதலே லினக்ஸ் பயனர் குழு உண்டு. கணியம் என்ற மின்னிதழ் 2012 முதல் இந்த வித்தையைத் தமிழில் சொல்லித் தருகிறது. விழுப்புரத்துக் குழு ஒன்று கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கட்டணமின்றிக் கற்பிக்கிறது. நமக்கு நேரே பயன்படக்கூடியது, மும்பையில் உருவான இ.ஆர்.பி.நெக்ஸ்ட். கொள்முதல், இருப்பு, பற்று வரவு, ஜி.எஸ்.டி. அனைத்தும் அதில் அடங்கும்.

"ஓசியில் வருவது எத்தனை நாளைக்கு?" என்று மூத்த வியாபாரிகள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. நானும் அங்கே கேட்டேன். மென்பொருளுக்கு விலையில்லை, ஆனால் நிறுவித் தருவதற்கும் பழுது பார்ப்பதற்கும் கூலி உண்டு என்றார்கள். அதுதான் முறை. ஒருவர் சரியாகச் செய்யாவிட்டால் இன்னொருவரை அழைத்துக்கொள்ளலாம், கணக்கு நம்மிடமே இருக்கும். ஆனால் ஆள் பிடிப்பது, பழக்குவது, தினமும் இரவில் நகல் எடுத்து வைப்பது எல்லாம் நம் பொறுப்பு. ஒற்றைக் கடைக்கு இது பாரம். முப்பது கடை சேர்ந்தால் பாரமல்ல.

சேர்ந்து செய்வது வணிகருக்குப் புதிதா? விருதுநகர், சிவகாசிப் பக்கம் மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை எடுத்துப் பள்ளிக்கூடங்கள் கட்டினார்கள் நம் முன்னோர். பெங்களூரின் ஜெரோதா நிறுவனம், கட்டற்ற மென்பொருள் எழுதுவோருக்கு ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர் ஒதுக்குவதாக 2024-ல் அறிவித்தது. அதுவும் ஒரு மகமைதான்.

ஆகவே நம் சங்கத்திற்கு மூன்று கோரிக்கைகள். முதலாவது, கும்மிடிப்பூண்டியிலும் திருவள்ளூரிலும் ஐந்தைந்து கடைகளில் இதை ஆறு மாதம் பரீட்சித்துப் பார்க்கவேண்டும். பழைய முறையும் கூடவே நடக்கட்டும். இரண்டாவது, சுற்றுவட்டாரக் கல்லூரிகளில் கம்ப்யூட்டர் படித்த இளைஞர் ஒருவரைச் சங்கச் செலவில் அமர்த்தவேண்டும். தமிழில் பில் அச்சாவது அவருடைய முதல் வேலையாகட்டும். மூன்றாவது, சாஃப்ட்வேர் வாங்கும் உறுப்பினர் எவரும், "என் கணக்கை நான் கேட்டபோது முழுதாகத் தருவாயா?" என்று எழுத்தில் வாங்காமல் பணம் கொடுக்கக் கூடாது.

அடுத்த மே 5 வணிகர் தினத்திற்குள் முதல் பத்துக் கடைகளின் அனுபவம் இவ்விதழில் வெளிவரவேண்டும். கல்லாச் சாவியை யாரும் அடுத்தவரிடம் விட்டுவைப்பதில்லை. கணக்குச் சாவியும் அப்படித்தான்.