மறைந்திருக்கும் துரு

வாசலில் நிற்கும் பழைய காரின் அடியில் காலையில் ஈரம் தெரிந்தால் நாம் என்ன செய்கின்றோம்? ரேடியேட்டரில் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றிவிட்டுப் புறப்பட்டு விடுகின்றோம். நானும் பல மாதங்கள் அப்படித்தான் செய்து வந்தேன்.

எங்களிடம் இருந்தது அத்தா விட்டுச் சென்ற அம்பாஸடர். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரை அடியொற்றி, மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் உருவாகி, 2014இல் உற்பத்தி நின்றுபோன இனம். பள்ளிபாளையத்திலிருந்து காவிரிப் பாலம் கடந்து, ஈரோட்டு மருத்துவமனைகளுக்கு நள்ளிரவிலும் அக்கம்பக்கத்தாரைச் சுமந்து சென்ற வண்டி. அதனை விற்றுவிட முடிவு செய்து, விலையும் பேசி முடித்த வாரத்தில்தான் வெப்பத்தைக் காட்டும் முள் ஏறத் தொடங்கிற்று.

பட்டறையில் ரேடியேட்டர், ரப்பர் குழாய்கள், தண்ணீர் பம்பு அனைத்தும் சோதிக்கப்பட்டன. அவற்றில் குறையில்லை. விளக்கைப் பிடித்துப் பார்த்தபோது, என்ஜினின் பக்கவாட்டில் ஒரு வட்டமான தகட்டின் விளிம்பிலிருந்து செந்நிறக் கோடு வழிந்திருந்தது. "டம்மி ஒழுகுது, ஹஜ்ரத்" என்றார் மெக்கானிக்.

அது என்னவென்று கேட்பீர்கள். என்ஜின் பிளாக்கை வார்க்கும்போது, உள்ளே தண்ணீர் ஓடும் வழிகளுக்காக மணலால் அச்சு வைப்பார்கள். வார்த்து முடிந்ததும் அந்த மணலை வெளியேற்றத் துளைகள் வேண்டும். அத்துளைகளைப் பின்னர் கிண்ணம் போன்ற மெல்லிய எஃகு மூடிகளால் இறுக அடைத்து விடுவார்கள். ஆங்கிலத்தில் 'ஃப்ரீஸ் பிளக்' என்றும் சொல்வதால், நீர் உறைந்து விரியும்போது என்ஜினைக் காப்பதற்காகவே வைத்தவை என்று பலர் எண்ணுகின்றனர். குளிர்நாடுகளில் சில வேளை அவை பிதுங்கி வெளியேறுவது உண்டு. ஆனால் அவை வைக்கப்பட்ட காரணம் அதுவன்று.

உறைபனியே காணாத நம் ஊரில் அவற்றைத் தின்பது துரு. கூலண்ட் கலவாமல் நாம் ஊற்றும் வெறும் தண்ணீர், உட்புறமிருந்து மூடியை அரிக்கின்றது. ஆழ்துளைக் கிணற்று உப்புநீரோ உள்ளே படிவத்தையும் சேர்க்கின்றது. வெளியே சிவப்புக் கோடு தெரியும் வேளையில் உள்ளே தகடு காகிதமாகியிருக்கும்.

"மேலே பசையைப் பூசி விடுங்கள். வண்டி கைமாறும்வரை தாங்கினால் போதாதா?" என்றார் உடன் வந்த மச்சான். உண்மையைச் சொல்கின்றேன், நானும் ஒரு கணம் தயங்கினேன். பின்பக்க மூடியைத் தொட கியர்பாக்ஸை இறக்க வேண்டும், கூலி சிறிதன்று. ஆனால் அந்த மூடி ஓடும் வழியில் கழன்றால் சில நிமிடங்களில் தண்ணீர் முழுதும் வெளியேறும். சிலிண்டர் ஹெட் வளையும். குடும்பத்தோடு நடுவழியில் நிற்கப்போவது வாங்கியவர். பொருளின் குறையை மறைத்து விற்பது கூடாதென்று மதரஸாவில் பாடம் நடத்தும் நான், எந்த முகத்தோடு பசையைப் பூசுவேன்?

ஒன்று ஒழுகினால் மற்றவையும் அதே வயதுடையவை. ஆகவே அனைத்தையும் மாற்றச் சொன்னேன். என்ஜின் நன்கு ஆறிய பின் தண்ணீரை வடித்தார்கள். மூடியின் ஓர் ஓரத்தில் உளியால் தட்டினால் அது குறுக்காகத் திரும்பும். குறட்டால் பற்றி இழுத்து விடலாம். உள்ளே விழச் செய்துவிடக் கூடாது. துளையின் விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து, மெல்லியதாகப் பசை தடவி, சரியான அளவுள்ள பித்தளை மூடிகளைச் சாயாமல் நேராக அடித்து இறக்கினார்கள். பித்தளை துருப்பிடிப்பதில்லை. பின் உட்புறத்தைக் கழுவி, கூலண்ட் கலந்த நீர் நிரப்பி, என்ஜினைச் சூடாகும்வரை ஓடவிட்டுக் கசிவில்லை என உறுதி செய்தனர்.

வாங்க வந்தவரிடம் நடந்ததைச் சொல்லி, கழற்றிய மூடிகளையும் காட்டினேன். மற்றவை எப்படியிருக்குமோ என்று ஐயுற்று, பேசிய விலையில் சிறிது குறைத்துக் கொண்டார். பழுது பார்த்த செலவும் என்னுடையதே. ஆயினும் அன்றிரவு நிம்மதியாக உறங்கினேன், அல்ஹம்துலில்லாஹ்.

உங்கள் வீட்டிலும் பழைய வண்டி இருக்குமானால், நாளைக் காலை என்ஜின் ஆறியிருக்கும் வேளையில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். சூடாக இருக்கும்போது திறவாதீர்கள். கொதிநீர் முகத்தில் பீறிடும். உள்ளே நீர் செந்நிறமாக இருந்தால், இன்னொரு செம்புத் தண்ணீர் ஊற்றுவதோடு நிறுத்தாமல் பட்டறைக்குச் செல்லுங்கள்.